அலுவல் ஓய்ந்த அந்திப் பொழுது

மாந்தர் உள்ளத்தில் உவகை எதனால் பிறக்கிறது? இவ்வினாவிற்கு விடை கூறப் புகுந்த தொல்காப்பியர், உவகை தோன்றும் களங்கள் நான்கு என வகுத்தார். அந்நான்கனுள் செல்வமும் உண்டு. காதலர் கூட்டமும் உண்டு. அவற்றோடு ஒரே வரிசையில் அறிவையும் விளையாட்டையும் வைத்து எண்ணினார் அப்பேராசான். விளையாட்டு சிறுவர்க்கு, அறிவு தேர்வு எழுதுவோர்க்கு, உழைப்பு ஊதியம் பெறுவோர்க்கு என்று கூறுபோட்டவர்கள் பிற்காலத்து நாமே.

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்து, மாத ஊதியத்தை நம்பிக் குடித்தனம் நடத்தும் நமக்கு இக்கூறுபாடு நன்கு பழகிப் போயிற்று. காலையில் அலுவலகம், மாலையில் களைப்பு, ஞாயிற்றுக்கிழமையில் கடைவீதி. “வேலைக்கே நேரம் போதவில்லை, இதில் பாட்டுக்கும் கூத்துக்கும் பொழுது ஏது?” என்பது நம் குடியிருப்பில் நாள்தோறும் கேட்கும் சொல். இச்சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது ஆண்டு மலருக்குப் பொருந்தும் என எண்ணினேன். நம்மைப் போலவே அலுவலுக்குச் சென்று வந்த தமிழர் இருவரின் மாலைப் பொழுதுகளை ஈண்டுக் காண்போம்.

கல்கத்தாவில் திறந்த கதவு

1907-ஆம் ஆண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் கல்கத்தா நாட்டின் தலைநகராய் விளங்கிய காலம். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, விசாகப்பட்டினத்தில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்ற 18 வயது இளைஞர் ஒருவர், நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, துணை அக்கவுண்டண்ட் ஜெனரலாக அந்நகரில் வந்து இறங்கினார். அவரே பிற்காலத்தில் உலகம் போற்றிய சர் சி. வி. இராமன்.

விஞ்ஞானத்தில் அவருக்கு இருந்த ஈடுபாடு பெரிது. மாணவராய் இருந்தபோதே, 1906-இல், இலண்டனில் வெளியாகும் ஆராய்ச்சி இதழில் அவர் கட்டுரை அச்சேறியிருந்தது. ஆயினும் விஞ்ஞானம் கற்றவன் அதைக் கொண்டே வாழ்க்கை நடத்த அன்று இந்நாட்டில் வழி அரிதாயிருந்தது. ஆகவே அவர் கணக்கு ஏடுகளைக் கையில் எடுத்தார்.

ஒருநாள் டிராம் வண்டியில் போபஜார் வீதி வழியே செல்லும்போது, 210 எண்ணுள்ள கட்டிடத்தின்மேல் ஒரு பெயர்ப் பலகையைக் கண்டார். ‘இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது அது. வண்டியை விட்டு இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் அசுதோஷ் தே என்னும் கழகப் பணியாளர்.

இக்கழகத்தை 1876-இல் நிறுவியவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர். இந்தியர் தம் முயற்சியால், தம் பொருளால், தாமே விஞ்ஞானம் வளர்க்க வேண்டும் என்பது அவர் கனவு. நன்கொடை திரட்டினார், கட்டிடம் எழுப்பினார், கருவிகள் வாங்கி வைத்தார். ஆனால் அங்கு வந்து முழு மனத்துடன் ஆராய்வாரைத்தான் அவரால் காண முடியவில்லை. அம்மனக்குறையுடனே 1904-இல் அவர் கண் மூடினார். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், ஓர் அரசாங்கக் கணக்கர் மாலைப் பொழுதில் வந்து அக்கதவைத் தட்டினார் என்பது எத்துணை வியப்பு!

அன்று முதல் இராமனின் நாள் ஓர் ஒழுங்கில் அமைந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கழகத்திற்குச் செல்வார். பத்து மணிக்குச் சற்று முன் இல்லம் திரும்பி, நீராடி, விரைந்து உண்டு, அலுவலகம் ஓடுவார். மாலை ஐந்து மணிக்கு அலுவல் முடிந்ததும் நேரே கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை அல்லது பத்து ஆகும். இடையில் 1909-இல் இரங்கூனுக்கும், 1910-இல் நாகபுரிக்கும் மாற்றலானார். 1911-இல் கல்கத்தா மீண்டார். இவ்வாறு கழிந்த பத்து ஆண்டுகளில், அலுவலிலும் குறை வையாது, 25-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவர் வெளியிட்டார். கதவு திறந்த அசுதோஷ் தே பல்கலைக்கழகப் படி ஏறாதவர். அவரும் இராமனுடன் இணைந்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடும் அளவுக்கு உயர்ந்தார்.

விளையாட்டே ஆராய்ச்சியாயிற்று

அக்கட்டுரைகளின் பொருள் யாது என்பதே நாம் ஊன்றி நோக்கத் தக்கது. மேலதிகாரி பணித்தவை அல்ல அவை. பதவி உயர்வு தருபவையும் அல்ல. இராமனின் தந்தையார் வயலின் வாசிப்பவர். இல்லத்தில் கேட்ட அவ்விசையே மைந்தர்க்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று. வங்கத்துப் பாடகர் மீட்டும் ஒற்றைத் தந்திக் கருவியாகிய ஏக்தாராவைப் பற்றி 1909-இல் எழுதினார். வில்லால் தேய்க்கும்போது வயலின் தந்தி எவ்வாறு அதிர்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்.

பின்னர் 1920-இல் மிருதங்க ஒலியின் நுட்பத்தை விளக்கினார். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் கிளையொலிகள் ஒன்றோடொன்று இயையா. ஆதலால் அஃது ஓசையாகுமே அன்றி இசையாகாது. நம் முன்னோரோ வலந்தலையின் நடுவே கரிய சாந்தை அப்பித் தோலின் கனத்தை ஏற்ற இடத்தில் ஏற்றினர். கிளையொலிகள் தந்தியில் எழுவனபோல் ஒன்றுக்கொன்று இயைந்து ஒலித்தன. அவர்கள் செவியால் கண்டதை இவர் கணக்கால் கண்டார். அடுத்த ஆண்டில் வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரை அமைப்பை ஆராய்ந்து, அவற்றின் தனி இனிமைக்குக் காரணம் கூறினார்.

1921-இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீல நிறம் அவர் கண்ணைக் கவர்ந்தது. உடன் பயணம் செய்தோர் அந்நீலத்தைக் கண்டு மகிழ்ந்து வாளா இருந்தனர். இவரோ கையிலிருந்த சிறு பட்டகத்தை எடுத்து, கப்பல் தட்டிலேயே ஆராயத் தொடங்கினார். வானத்தின் நிறம் நீரில் தோன்றுவதே கடலின் நீலம் என்று அதுகாறும் கூறி வந்தனர். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று இவர் காட்டினார். அவ்வியப்பே வளர்ந்து வளர்ந்து, 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் அதே போபஜார் கழகத்தில் ‘இராமன் விளைவு’ என்னும் கண்டுபிடிப்பாகக் கனிந்தது. 1930-இல் நோபெல் பரிசைத் தேடித் தந்தது. சிறு குழந்தைபோல் ‘ஏன்?’ என்று கேட்ட உள்ளம் அலுவலகக் கோப்புகளுக்கிடையே வாடாதிருந்ததன் பயன் இது.

சென்னையில் எழுந்த சபை

விஞ்ஞானிக்கு மட்டுமே இது கைகூடும் என்று கருத வேண்டா. நம் சங்க மேடையில் நாடகம் ஆடும் அன்பர்கள் அனைவரும் நன்றியுடன் நினைக்க வேண்டியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873-இல் பிறந்த அவர், இளமையில் தமிழ் நாடகத்தை வெறுத்தவர் என்றால் நம்புவது அரிது. கூத்தாடுவோரைக் கற்றோர் இழிவாகக் கருதிய காலம் அது. பல்லாரியிலிருந்து வழக்கறிஞர் கிருஷ்ணமாசாரியார் தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து நடத்திய தெலுங்கு நாடகங்களைக் கண்டபின் அவர் உள்ளம் மாறிற்று. பகலில் மதிப்புக்குரிய தொழில் செய்வோர் இரவில் வேடம் புனைந்து ஆடினர். அதனால் அவர்தம் மதிப்புச் சிறிதும் குறையவில்லை!

அவ்வாண்டே, 1891 சூலைத் திங்களில், நண்பர் சிலருடன் கூடிச் சுகுண விலாச சபையை நிறுவினார். அப்போது அவர்க்கும் வயது 18-தான். பின்பு வழக்கறிஞரானார், நீதிபதியாகவும் அமர்ந்தார். ஆயினும் நாடகத்தைக் கைவிட்டாரில்லை. 90-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெத், ‘அமலாதித்யன்’ என்னும் பெயருடன் தமிழ் பேசினான். அரசியலில் புகழ் பெற்ற எஸ். சத்தியமூர்த்தியும் அச்சபையின் மேடையில் ‘மனோகர’னாக நடித்தார். 1959-இல் அரசு முதலியார்க்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. பொழுதுபோக்காகத் தொடங்கியது தமிழ் நாடகத்தின் மதிப்பையே உயர்த்திற்று.

திரைக்குப் பின் நின்றோர்

நிற்க. புகழ்ச்சி மட்டும் வரலாறாகாது. மேலே கூறிய இரு வரலாறுகளிலும் நாம் மறைக்கலாகாத குறை ஒன்று உண்டு.

இராமன் விடியற்காலை புறப்பட்டு இரவு திரும்பிய அந்தப் பத்து ஆண்டுகளில் இல்லத்தின் பொறுப்பை எல்லாம் தாங்கியவர் அவர்தம் துணைவியார் உலோகசுந்தரி அம்மையார். 1907-ஆம் ஆண்டு மே மாதத்தில் மணம் முடித்து, அடுத்த மாதமே மொழி தெரியாத கல்கத்தாவில் குடியேறியவர் அவர். அவரும் வீணை வாசிக்கக் கற்றவரே. வீணையின் குதிரையை ஆராய்ந்த கணவரின் கட்டுரை உலகிற்குக் கிடைத்தது. வீட்டில் அவ்வம்மையார் வீணை எடுக்க எத்தனை மாலைகள் வாய்த்தன என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. சுகுண விலாச சபையிலோ பெண் வேடத்தையும் ஆடவரே பூண்டனர்; பெண்டிர்க்கு அம்மேடையில் இடம் இல்லை.

மேலும், இரண்டு வண்டியில் கால் வைத்து எந்நாளும் ஓட இராமனாலும் இயலவில்லை. 1917-இல் அசுதோஷ் முகர்ஜி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்க அழைத்தபோது, ஊதியம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று அறிந்தும் அரசாங்க வேலையை உதறி அவர் அதனை ஏற்றார். எனவே, நாளெல்லாம் அலுவலும் இரவெல்லாம் கலையுமாக உடலை வருத்துக என்பது இவ்வரலாறு கூறும் பாடம் அன்று. மனம் விரும்பும் செயலுக்கு நாளில் ஒரு பங்கை ஒதுக்குக. அப்பங்கினை வீட்டார் அனைவர்க்கும் பகிர்ந்து அளிக்குக என்பதே பாடம். ஒருவர் ஓய்வு மற்றொருவர் சுமையாகுமாயின், அதனைச் சமநிலை என்று கூறல் தகாது.

நாம் செய்யத் தக்கது

நம் குடியிருப்பில் இராமன்கள் இருக்கிறார்களா என்று கேட்பாரும் உளர். அவ்வினா தேவையற்றது. நோபெல் பரிசு கிட்டாவிடினும், கடலின் நீலம் கண்டு வியக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. தேர்வு நெருங்குகிறது என்று சிறுவன் கையிலுள்ள வண்ணப் பெட்டியைப் பறித்துப் பரண்மேல் வைக்கும்போதும், சமையற்கட்டின் வேலை ஓயாமையால் இல்லத்தரசி தன் பாட்டை மறக்கும்போதும், நாம் ஒரு கதவை அடைக்கிறோம்.

ஆண்டு விழாவிற்கு ஒரு திங்கள் முன்பு மட்டும் நம் சங்கத்தில் ஒத்திகை ஒலி கேட்கிறது. விழா முடிந்ததும் அறை பூட்டப்படுகிறது. ஆர்மோனியமும் மிருதங்கமும் அடுத்த ஆண்டு வரை தூசி படிந்து கிடக்கின்றன. கருவிகள் இருந்தும் ஆள் இல்லையே என்று மகேந்திரலால் சர்க்கார் வருந்தினார். நம்மிடமோ கருவியும் உண்டு, ஆளும் உண்டு, கதவுதான் பூட்டியிருக்கிறது.

ஆகவே சங்கத்து அன்பர்கள்முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் சங்கத்தின் ஓர் அறை திறந்திருக்கட்டும். வாரத்தில் சில மாலைகள் மகளிர்க்கே உரியனவாகட்டும். அம்மாலைகளில் அடுப்பையும் குழந்தைகளையும் ஆடவர் கவனித்துக் கொள்ளட்டும். பரிசும் போட்டியும் வேண்டா. வருவோர் பாடலாம், வரையலாம், பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கலாம். போபஜார் வீதியில் கதவு திறந்த அசுதோஷ் தே, தட்டியவர் யார் என்று அறிந்து திறந்தாரில்லை. நாமும் அவ்வாறே திறந்து வைப்போம்.