கரை சேர்ந்த தலைக்குக் கூலி

தலைக்கு 17 பவுண்டு, 7 ஷில்லிங், 6 பென்ஸ். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குத் தீவாந்தரம் அனுப்பப்படும் கைதி ஒருவரைக் கப்பலில் ஏற்றுவதற்கு, 1789-இல் கேம்டன், கால்வர்ட் அண்ட் கிங் என்ற லண்டன் நிறுவனத்தோடு பிரிட்டிஷ் அரசு பேசி முடித்த விலை இது. ஏற்றினால் போதும், பணம் உண்டு. ஏறியவர் போய்ச் சேர்ந்தாரா என்று ஒப்பந்தம் கேட்கவில்லை. அந்த நிறுவனமோ அடிமை வணிகத்தில் கைதேர்ந்தது. அதன் நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ ஆகிய மூன்று கப்பல்களும் 1790 ஜூன் கடைசியில் சிட்னிக்கு வந்தபோது, ஏற்றிய ஏறத்தாழ ஆயிரம் பேரில் 267 பேர் வழியிலேயே இறந்திருந்தார்கள். நால்வருக்கு ஒருவர். மிஞ்சியவர்களில் பலருக்கு எழுந்து நிற்கவே திராணியில்லை; பீப்பாய்களை இறக்குவதுபோல் அவர்களைக் கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிட்டு இறக்கியதைச் சிட்னிப் பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் பார்த்து எழுதியிருக்கிறார். கீழ்த்தளத்து இருட்டில், பக்கத்தில் கிடந்தவன் செத்துப்போனதை வெளியே சொல்லாமல், அவன் பங்கு உணவையும் வாங்கித் தின்று உயிர் பிழைத்தவர்கள் உண்டு.

நெப்டியூனின் மாலுமிகள் பிறவியிலேயே கொடியவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பயணத்தில் கூட வந்த படை அதிகாரி வில்லியம் ஹில் இதைத் தெளிவாகப் பார்த்தார். அடிமை வணிகனுக்காவது சரக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் லாபம். இங்கே கைதிக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த ஒவ்வொரு படி உணவும் துறைமுகத்தில் விற்கக் கிடைக்கும் கூடுதல் சரக்கு என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். கைதி சீக்கிரம் செத்தால் கப்பல்காரனுக்கு நல்லது என்ற நிலையை ஏற்படுத்தியது ஒப்பந்தம்தான். இன்றைய அறிவியல் புனைவில் ஒரு கற்பனை வருகிறது: விண்கலத்தில் ஒவ்வொரு கைதிக்கும் ஒரு காவலர், கைதி திருந்தினால்தான் காவலரின் வேண்டுதல் நிறைவேறும். இதை வெறும் கற்பனை என்று நான் தள்ள மாட்டேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கடலில் பெரும் உயிர்ச்சேதத்தோடு நடந்து முடிந்த பரிசோதனை அது. காவலரின் வாழ்வு கைதியின் எந்த நலனோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறதோ, கைதிக்கு அந்த நலன் மட்டுமே கிடைக்கும் என்பதே தீவாந்தரக் கப்பல்களின் வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு.

1790-க்குப் பிறகு அரசு விழித்துக்கொண்டது. பணத்தில் ஒரு பகுதி, உயிரோடு கரையிறங்கியவர்களுக்கு மட்டுமே என்று ஒப்பந்தங்கள் மாறின. சாவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. 1799-இல் சிட்னி வந்த ஹில்ஸ்பரோ கப்பலில் 300 கைதிகளுக்கு 95 பேர் டைஃபஸ் காய்ச்சலுக்குப் பலியானார்கள். பணம் பெறுகிற முதலாளி லண்டனில் உட்கார்ந்திருக்கிறார்; கீழ்த்தளத்தின் காற்றுப்புழையைத் திறப்பதும் மூடுவதும் கடலில் இருக்கிற கேப்டனின் கையில். கப்பல் மருத்துவரோ கேப்டனுக்குக் கட்டுப்பட்டவர். அவரை மீறி ஒரு வார்த்தை பேச முடியாது. 1814-இல் ஜெனரல் ஹெவிட், த்ரீ பீஸ், சர்ரி என்ற மூன்று கப்பல்கள் அடுத்தடுத்து நோயோடு வந்தன. சர்ரியில் 36 கைதிகள் இறந்தார்கள். காய்ச்சல் தளம் பிரித்துப் பார்க்கவில்லை, கேப்டனும் இறந்துபோனார்.

காரணம் கண்டறியும்படி ஆளுநர் மக்குவாரி கேட்டது வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற மருத்துவரை. இந்த மனிதர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. 1797-இல் நோர் என்ற இடத்தில் நடந்த கடற்படைக் கலகத்தில் சிக்கி மரண தண்டனை பெற்றவர். வயதில் சிறியவர் என்பதால் தண்டனை குறைக்கப்பட்டு, 1801-இல் அவரும் ஒரு கைதியாகத்தான் இந்தக் கடலைத் தாண்டி வந்தார். 1814 செப்டம்பரில் அவர் கொடுத்த அறிக்கை உடை, உணவு, காற்றோட்டம், புகை போட்டுத் தளத்தைச் சுத்தம் செய்தல், கைதிகளை மேல்தளத்துக்கு விடுதல் என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பேசுகிறது. அதன் உயிர்நாடி கடைசி யோசனை: ஒவ்வொரு கப்பலுக்கும் கடற்படை மருத்துவர் ஒருவரை அரசே நியமிக்க வேண்டும், கேப்டனுக்குக் கட்டுப்படாத அதிகாரத்தோடு. லண்டன் ஏற்றுக்கொண்டது. 1815 முதல் மேற்பார்வை மருத்துவர்கள் வந்தார்கள். கைதிகள் ஆறு ஆறு பேராக ஒரு பந்தி. பந்திக்கு ஒரு தலைவர், அவரும் கைதியே. ஆறடிச் சதுரப் படுக்கையில் நான்கு பேர். அதைத் தினமும் சுரண்டி உலர்த்த வேண்டும். ஸ்கர்வி வராமலிருக்க எலுமிச்சைச் சாறு. ஒவ்வொருவரும் தம் கண்ணெதிரே குடித்து முடிக்கிறாரா என்று மருத்துவர் தொட்டியருகே நின்று பார்த்தார். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, எப்படி முடிந்தது என்று நாட்குறிப்பு எழுதி ஒப்படைக்க வேண்டும். மருத்துவர் ஒழுங்காக நடந்துகொண்டார் என்று குடியேற்ற ஆளுநர் சான்று கொடுத்தால்தான் ஊதியத்தின் ஒரு பகுதி கைக்கு வரும். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் சாவு சராசரியாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. கடல் அதேதான், மரக்கப்பல்களும் பெரிதாக மாறிவிடவில்லை. உயிருக்குப் பொறுப்பாளி என்று விரல் நீட்ட இப்போது ஒருவர் கப்பலிலேயே இருந்தார்.

உயிரோடு சேர்ப்பது வேறு, திருத்துவது வேறு என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. எலுமிச்சைச் சாறு யாரையும் நல்லவராக்காது. ஆனால் உடலுக்குப் பொறுப்பேற்றவர்களில் சிலர் மனத்துக்கும் பொறுப்பேற்கத் தலைப்பட்டதைக் கப்பல் ஆவணங்கள் காட்டுகின்றன. கோலின் அராட் பிரவுனிங் என்ற மருத்துவர் 1831 முதல் பல பயணங்களில் கப்பலையே பள்ளிக்கூடமாக்கினார். படித்த கைதிகள் ஆசிரியர்கள். ஏறும்போது எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும், இறங்கும்போது எத்தனை பேருக்குத் தெரியும் என்று கணக்கு வைத்தார். பெண்கள் பக்கத்தில் சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரை. நியூகேட் சிறையில் 1817-இல் தொடங்கிய முறையை அடுத்த ஆண்டே அவர் கப்பலுக்குக் கொண்டுபோனார்: பன்னிரண்டு பெண்களுக்கு ஒரு வகுப்பு, அவர்களிலிருந்தே ஒரு கண்காணிப்பாளர். 1841 ஏப்ரலில் 180 பெண்களோடு லண்டனை விட்ட ராஜா என்ற கப்பலில், ஃப்ரையின் சங்கம் அனுப்பிய கெசையா ஹேட்டர் என்ற 23 வயதுப் பெண் அவர்களுக்குத் துணையாகச் சென்றார். சங்கம் கொடுத்த பையில் ஊசி, நூல், இரண்டு பவுண்டு எடைக்குத் துண்டுத் துணிகள். ஜூலையில் ஹோபார்ட் சேர்ந்தபோது அந்தப் பெண்கள் 2,815 துண்டுகளை இணைத்து, பக்கத்துக்கு மூன்று மீட்டருக்கும் அதிகமான ஒரு விரிப்பைத் தைத்து முடித்திருந்தார்கள். அது இன்று கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சில தையல் சீராக ஓடுகிறது, சில கோணலாகப் போகிறது. ஊசி பிடித்துப் பழகியவரும் பழகாதவரும் ஒரே துணியில் வேலை செய்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இதெல்லாம் நடிப்பு என்பது அடுத்த மறுப்பு. காவலர் பக்திமான் என்றால் கைதியும் முழங்காலிடுவார், இறங்கியதும் எழுந்துவிடுவார். பிரவுனிங்கின் புத்தகங்களில் வரும் கண்ணீருக்கும் மனமாற்றத்துக்கும் பிரவுனிங்கைத் தவிர வேறு சாட்சி இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கண்ணீரைவிட எழுத்துக் கணக்கை நம்புகிறேன். வாசிக்கத் தெரிந்ததுபோல் பல மாதம் நடிக்க முடியாது. தைத்து முடித்த விரிப்பு நடிப்பல்ல. காவலரைத் திருப்திப்படுத்தவே ஒருத்தி ஊசியைப் பிடித்திருந்தாலும், கரையிறங்கும்போது அவள் கையில் ஒரு தொழில் இருந்தது.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு முகத்தையும் மறைக்கக் கூடாது. காவலர் கைதியின் உயிருக்கு மட்டும் பொறுப்பல்ல. தப்பிக்காமல் இருப்பதற்கும் பொறுப்பு. இரண்டும் மோதியபோது எது வென்றது? 1833 ஆகஸ்டில் பெண் கைதிகளை ஏற்றிய ஆம்ஃபிட்ரைட் பிரான்சின் பூலோன் கரையருகே தரைதட்டியது. கரையிலிருந்து உதவி வந்தது. கைதிகளை இறக்க அதிகாரமில்லை என்று அது மறுக்கப்பட்டதாகப் பிழைத்த மாலுமிகள் சொன்னார்கள். பிழைத்தவர்கள் மூன்றே பேர், மூவரும் மாலுமிகள். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் மூழ்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, ஹோபார்ட்டை நெருங்கிய மூன்றாம் ஜார்ஜ் கப்பல் பாறையில் மோதியபோது, காவல் படையினர் துப்பாக்கியால் சுட்டுக் கைதிகளைக் கீழ்த்தளத்திலேயே நிறுத்தினார்கள். தண்ணீர் ஏறியது, மாண்ட 130-க்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் கைதிகள். இவை என் வாதத்தை முறிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. செத்த கைதியைக் காட்டிலும் தப்பிய கைதிக்காகத்தான் தாம் அதிகம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்தக் காவலர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவின்படியே கதவு பூட்டியபடி இருந்தது.

கரையில் என்ன நடந்தது என்பது இன்னும் கசப்பானது. மருத்துவரின் பொறுப்பு கப்பலின் ஏணிப்படியோடு முடிந்தது. அதன் பிறகு கைதி ஒரு பண்ணை முதலாளிக்குக் கிடைத்த வேலையாள். அந்தப் பண்ணைகளும் பழங்குடி மக்களிடமிருந்து பறித்த நிலத்தில் நின்றன. அவர்களுடைய இழப்பைச் சேர்க்காமல் தீவாந்தரத்தின் வெற்றி தோல்வியைப் பேசுவது அரைக்கணக்கு. திருந்தியவருக்கும் இடம் உறுதியில்லை. தண்டனை நீங்கிய பிறகு, சிட்னி மருத்துவமனையின் முதன்மைப் பதவி முறைப்படி ரெட்ஃபெர்னுக்கு வந்திருக்க வேண்டும். முன்னாள் கைதி என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது; 1819-இல் அவர் பணியை விட்டார். அதன் பிறகும் வந்துகொண்டிருந்த ஒவ்வொரு கப்பலிலும் அவருடைய யோசனைதான் உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நார்ஃபோக் தீவில் 1840 முதல் நான்கு ஆண்டு பொறுப்பிலிருந்த அலெக்சாண்டர் மெக்கோனகி, மதிப்பெண் சேர்த்து விடுதலையைச் சம்பாதிக்கும் முறையை வகுத்தார். ஆறு கைதிகள் ஒரு குழு. ஒருவர் தவறினால் ஆறு பேருக்கும் மதிப்பெண் குறையும் என்பது அவர் திட்டம். ஒவ்வொருவரையும் மற்றவருக்குக் காவலராக்க நினைத்தார். ஆனால் மதிப்பெண்ணை விடுதலையாக மாற்றும் அதிகாரம் லண்டனிடம் இருந்தது, லண்டன் மாற்றவில்லை.

கைதியே கைதிக்குக் காவலர் என்ற முறை முழுமையாக வேரூன்றியது நம் மக்கள் போன ஒரு துறைமுகத்தில். 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சிங்கப்பூர் வந்த முதல் இந்தியக் கைதிகள் சென்னை மாகாணத்தவர்கள், 80 பேர். சில நாளில் வங்காளத்தவரும் வந்தார்கள். காலப்போக்கில் அங்கே சம்பளக் காவலர்களை நீக்கிவிட்டு, நன்னடத்தையில் உயர்ந்த கைதிகளையே தண்டல்களாகவும் வார்டர்களாகவும் வைத்தார்கள். கைதிகளுக்கு ஆறு வகுப்புகள். ஒழுங்காக இருந்தால் விலங்கு கழன்று மேலே போகலாம், தவறினால் மீண்டும் கீழே. கொத்து வேலை, தச்சு வேலை, செங்கல் சூளை என்று தொழில் கற்றார்கள். 1862-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஆண்ட்ரு தேவாலயத்தின் சுவர்களுக்கு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்த சென்னைச் சுண்ணச்சாந்தைப் பூசியது அந்தக் கைகள்தாம். கண்காணிப்பாளராக இருந்த மேக்நேர் 1899-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே கைதிகள் தாமே காவலர்கள் என்பதைத்தான் சொல்கிறது. ஓர் அதிகாரி தம் நிர்வாகத்தைப் பற்றி எழுதியது என்பதால் அதன் பெருமிதத்தைக் கொஞ்சம் கழித்தே படிக்க வேண்டும். ஆனாலும் தண்டனை முடிந்து அங்கேயே தொழில் செய்து குடும்பமாக வாழ்ந்தவர்கள் நிறையப் பேர்.

1873-இல் அந்தச் சிறை கலைந்து, மிச்சக் கைதிகள் அந்தமானுக்குப் போனார்கள். என் வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை அங்கேதான். போர்ட் பிளேரிலும் கைதிகளே தண்டல்கள், ஜமேதார்கள், பெட்டி ஆபீசர்கள். 1906-இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறையில் அவர்கள் செய்த கொடுமையை, அங்கே அரசியல் கைதிகளாக இருந்த பாரீந்திர குமார் கோஷும் சாவர்க்கரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கைதிக்குக் கைதி மீது அதிகாரம் கொடுத்தால் இப்படித்தான் முடியும் என்பவர்கள், சிங்கப்பூரிலும் அதே முறை இருந்ததை விளக்க வேண்டியிருக்கும். அந்தமானில் செக்கைச் சுற்றும் மனிதன் ஒரு நாளில் 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். மாலையில் எண்ணெயை நிறுத்தார்கள். குறைந்தால் அடி, கைவிலங்கு. பெட்டி ஆபீசரின் உயர்வு அந்த எடையில் இருந்தது. செக்கைச் சுற்றுகிறவன் என்றாவது வெளியேறுவானா, என்ன தொழிலோடு வெளியேறுவான் என்பதற்கு அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1912-இல் இந்து பூஷண் ராய் என்ற இளம் கைதி அங்கே தூக்கிட்டு இறந்தார். சென்னை அரசின் நிர்வாகக் குழுவில் இருந்த அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் 1919-20-இல் கூடிய இந்தியச் சிறைக் குழு, திருத்துவதே சிறையின் நோக்கம் என்று எழுதி, அந்தமானுக்கு அனுப்புவதை நிறுத்தச் சொன்னது. ஆனாலும் 1932-இல் அரசியல் கைதிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் மறுபடியும் புறப்பட்டன. 1933-லும் 1937-லும் சிறைக்குள் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான், அதுவும் மூன்று உயிர்கள் போன பிறகு, அவர்களைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்ப அரசு இணங்கியது.