புகார் மனுவுக்கு முன்: வன உயிரினக் குற்ற வழக்குகளில் அரசு வழக்கறிஞரின் இடம்

இராமநாதபுரம் கடற்கரையில் பதப்படுத்திய கடல் அட்டை மூட்டைகளோடு ஒரு படகு பிடிபட்டால், அதன்மேல் நடவடிக்கை எடுக்க வரும் துறைகள் பல. இந்தியக் கடலோரக் காவல்படை, தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கியூ பிரிவு, சுங்கத்துறை, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் வனத்துறை ஆகிய ஐந்தில் யார் வேண்டுமானாலும் முதலில் வரலாம். யார் பிடித்தாலும் மூட்டைகள் கடைசியில் வந்து சேரும் இடம் வனச்சரக அலுவலகம்தான். அங்கே டபிள்யூ.எல்.ஓ.ஆர். (வன உயிரினக் குற்ற அறிக்கை) எண் இட்டு வழக்குப் பதிவாகும். வன உயிரினக் குற்றங்களில் துறைகளின் ஒருங்கிணைப்பைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் ஏறக்குறைய இந்த ஒப்படைப்போடு முடிந்துவிடுகிறது. நீதிமன்றத்தில் வழக்கை நடத்த வேண்டிய அரசு உதவி வழக்கறிஞரின் கைக்குக் கோப்பு வருவதற்குள், அதில் திருத்தக்கூடியது எதுவும் பெரும்பாலும் மிஞ்சியிருப்பதில்லை.

இதற்கு அலுவலர்களின் அக்கறையின்மையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். சட்டத்தின் அமைப்பே முதன்மையான காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, அதில் குறிப்பிட்டோர் புகார் அளித்தால் ஒழிய நீதிமன்றம் குற்றத்தைக் கருத்தில் எடுத்துக்கொள்ள முடியாது. முறையான அதிகாரம் பெற்ற நடுவண், மாநில அலுவலர்களும், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்த எந்தக் குடிமகனும் அந்தப் பட்டியலில் உண்டு. சாதாரணக் காவல்துறைக் குற்றப்பத்திரிகை மட்டும் போதாது. காவல்துறையோ சி.பி.ஐ.யோ இக்குற்றங்களைப் புலனாய்வு செய்யச் சட்டத் தடையில்லை என்று மோதிலால் வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் புலனாய்வு செய்யும் உரிமை வேறு, வழக்கை நீதிமன்றத்தின் வாசலுக்குள் கொண்டுவரும் உரிமை வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்ட கோப்புகள் முதல் ஆட்சேபணையிலேயே சிக்கிக்கொள்ளும்.

புகார் வழியாக வரும் வழக்குக்கு இன்னொரு சுமையும் உண்டு. முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்குத் தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை என்பதால், அது பிடியாணை வழக்கு நடைமுறையில் விசாரிக்கப்படுகிறது. காவல்துறை அறிக்கையின் பேரில் வந்த வழக்கில் ஆவணங்களைப் பார்த்தே நடுவர் குற்றச்சாட்டு வனையலாம். புகார் வழக்கிலோ குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே அரசுத் தரப்புச் சாட்சிகளை விசாரிக்க வேண்டும், வனைந்த பிறகு குறுக்கு விசாரணைக்கு அவர்களை மீண்டும் அழைக்க நேரும். வனக்காப்பாளர் அதற்குள் வேறு கோட்டத்துக்கு மாறியிருப்பார். மகஜரில் கையெழுத்திட்ட மீனவச் சாட்சி பிறழ்சாட்சியாகியிருப்பார். அதே ஊரில், அதே படகுத்துறையில் பிழைக்க வேண்டியவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இந்தச் சுமையைக் கூட்டியிருக்கிறது. அதன் 223-ஆவது பிரிவின்படி, புகார் மீது நடவடிக்கை தொடங்குவதற்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். காவல்துறை அறிக்கைக்கு இந்தக் கட்டம் இல்லை. ஆக, வழக்கு பிறப்பதற்கு முன்பே ஒரு வாதம் நடக்கிறது. எதிர்த்தரப்பில் அனுபவமுள்ள வழக்கறிஞர் நிற்பார். இந்தப் பக்கம், வாதாடப் பயிற்சி பெறாத வனச்சரகர் எழுதிய மனு இருக்கும். அதே சன்ஹிதாவின் 20-ஆவது பிரிவு மாவட்ட அளவிலான குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககத்துக்கு வழிசெய்து, 7 ஆண்டு முதல் 10 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய வழக்குகளில் காவல்துறை அறிக்கையை ஆராயும் பொறுப்பைத் துணை இயக்குநருக்குத் தருகிறது. தண்டனை அளவைப் பார்த்தால் முதல் அட்டவணை வழக்குகள் இந்த வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் ஆராய வேண்டியது ‘காவல்துறை அறிக்கை’ என்று சட்டம் சொல்வதால், வனத்துறையின் புகார் மனு அந்தக் கண்ணில் படாமலே போகலாம். சட்டம் எழுதியவர்கள் வேண்டுமென்றே விட்டதாக நான் நினைக்கவில்லை. வனத்துறை அவர்கள் நினைவுக்கு வந்திருக்காது என்பதே என் ஊகம்.

துறைகளின் உறவு சான்றாக மாறும் இடம், அல்லது மாறத் தவறும் இடம், வாக்குமூலம். காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் சான்றாகாது. சுங்க அதிகாரி சுங்கச் சட்டத்தின் 108-ஆவது பிரிவின் கீழ் பதிவு செய்யும் வாக்குமூலம் சான்றாகும். வன உயிரினச் சட்டத்தின் 50(8) பிரிவின் கீழ் சான்றுகளைப் பெற்றுப் பதிவு செய்யும் அதிகாரம் மாநில அரசு அதிகாரமளித்த, உதவி வனப்பாதுகாவலருக்குக் குறையாத அலுவலருக்கு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவானால் மட்டுமே அது பின்னர் விசாரணையில் ஏற்கப்படும் என்று 50(9) நிபந்தனை விதிக்கிறது. கடலோரக் காவல்படை பிடித்த ஒருவரைச் சுங்கத்துறை ஒருமுறையும், காவல்துறை ஒருமுறையும், வனச்சரகர் ஒருமுறையும் விசாரித்தால், கோப்பில் மூன்று வாக்குமூலங்கள் சேரும். அவற்றில் ஒன்று சட்டப்படி பயனற்றது. இன்னொன்றைப் பதிவு செய்தவருக்கு 50(8) அதிகாரம் கிடையாது. மிஞ்சிய ஒன்றோடு முரண்படும் வரிகளை மற்ற இரண்டிலிருந்தும் எதிர்த்தரப்பு எடுத்துத் தரும். ஒருங்கிணைப்பு மிகுந்ததாலேயே வழக்கு பலவீனமாகும் விந்தை இது. யார், எப்போது, எந்தப் பிரிவின் கீழ் பதிவு செய்வது என்று முதல் நாளிலேயே சொல்லக்கூடியவர் அரசு வழக்கறிஞர்; அவரோ அன்று அங்கே இருப்பதில்லை.

இந்த ஒரு கோப்பின் தவறு மேலே உள்ள அடுக்குகளையும் சரிக்கும். வன உயிரினச் சட்டத்தின் சில குற்றங்கள் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருப்பதால், கடத்தலின் பணத்தடத்தை அமலாக்கத் துறை பின்தொடரலாம். ஆனால் மூலக் குற்றத்தில் ஒருவர் விடுதலையானால் பண மோசடி வழக்கும் நிற்காது என்று விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கடத்தலுக்குப் பணம் போட்டவரைத் தொடும் ஒரே வழி, மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ எழுதப்பட்ட ஒரு மகஜரின் தரத்தைப் பொறுத்திருக்கிறது.

துறைகளை இணைக்கவென்றே 2007-இல் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. சென்னையில் அதற்கு மண்டல அலுவலகம் உண்டு, இராமநாதபுரத்தில் எல்லைப் பிரிவும் உண்டு. உளவுத் தகவல் திரட்டலும் துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பும் மட்டுமல்ல, வழக்குகள் வெற்றிபெற மாநில அரசுகளுக்கு உதவுவதும் அதன் சட்டக் கடமை என்று வன உயிரினச் சட்டத்தின் 38இசட் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நடைமுறையில் முதல் இரண்டும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. பிடிபட்ட கிலோக்கணக்கு ஆண்டறிக்கைக்கு ஏற்ற எண். ஏழு ஆண்டு கழித்து வரும் தீர்ப்பு எந்த அலுவலரின் ஆண்டுக்கணக்கிலும் சேராது.

இனி எதிர்வாதம். அரசு வழக்கறிஞரைப் புலனாய்வுக்குள் இழுத்தால் அவருடைய சார்பின்மை கெடும் என்பார்கள். ஆர். சரளா வழக்கு (2000) இதற்கு வலுவான ஆதாரம். அரசு வழக்கறிஞரின் கருத்தைப் பெற்றுத் திருத்திய குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குற்றப்பத்திரிகை பற்றிய முடிவு புலனாய்வு அதிகாரிக்கே உரியது என்றது. அந்தக் கோட்பாட்டை நான் மறுக்கவில்லை, இங்கே அது பொருந்துமா என்றுதான் கேட்கிறேன். காவல் அதிகாரி புலனாய்வு முடிவை நீதிமன்றத்துக்கு அறிக்கையாகத் தருகிறார். வன அலுவலரோ 55-ஆவது பிரிவின் கீழ் ஒரு புகார்தாரர். புகார்தாரர் மனு கொடுக்கும் முன் சட்ட ஆலோசனை பெறுவதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. அவரைக் கட்டாயப்படுத்தினால்தான் சரளா வழக்கின் தடை வரும். அவராக நாடிவர ஒரு வழி அமைத்துக் கொடுப்பதற்கு அத்தடை இல்லை.

வழக்கறிஞரை முன்னால் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. கென்யாவில் அரசியலமைப்பே பொது வழக்குத் தொடர்வு இயக்குநருக்குக் காவல்துறைத் தலைவரைப் புலனாய்வு செய்யப் பணிக்கும் அதிகாரம் தருகிறது. 2013-இல் கடுமையான வன உயிரினச் சட்டமும் வந்தது. 2014-இல் மொம்பாசாவில் இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட யானைத் தந்தம் பிடிபட்ட வழக்கில் 2016-இல் ஒருவருக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது உலகமே பாராட்டியது. 2018-இல் உயர் நீதிமன்றம் சான்று போதவில்லை என்று அதே மனிதரை விடுவித்தது. அதிகாரம் மேலிருந்தும், முதல் நாட்களின் சான்றுச் சங்கிலியில் இருந்த இடைவெளியை அது நிரப்பவில்லை.

இங்கே செய்யக்கூடியது அதைவிடச் சிறியது, ஆனால் முதல் நாட்களைக் குறிவைப்பது. கடத்தல் மிகுந்த மாவட்டங்களில் முதல் அட்டவணை வழக்குகளுக்கு மட்டும் ஓர் அரசு உதவி வழக்கறிஞரைப் பெயர் குறித்து ஒதுக்கலாம். சட்டத் திருத்தம் வேண்டாம், அரசாணை போதும். கைப்பற்றிய 48 மணி நேரத்துக்குள் வனச்சரகர் அவரோடு கோப்பைப் பார்க்கட்டும். 50(8) அதிகாரம் பெற்ற அலுவலர்களின் பட்டியல் சுங்கத்துறையிடமும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடமும் இருக்கட்டும், பிடிபட்டவரிடம் முதல் கேள்வியை அந்த அலுவலரே கேட்கட்டும். உதவி வழக்கறிஞர்கள் ஏற்கெனவே பல நீதிமன்றங்களுக்கிடையே ஓடுகிறார்கள் என்ற மறுப்பு நியாயமானது. வழக்கு தோற்ற பிறகு மேல்முறையீட்டுக் குறிப்பு எழுத அவர்கள் செலவிடும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாடு தொடாத ஒன்றும் உண்டு. இங்கே தடைசெய்யப்பட்ட கடல் அட்டை பிடிப்பு இலங்கையில் உரிமம் பெற்ற தொழில். பாக் நீரிணையைக் கடந்துவிட்ட மூட்டை அங்கே சட்டப்படி பிடித்த சரக்கோடு கலந்துவிடும். பிறகு அதன் பிறப்பிடத்தை நிறுவ இரு நாட்டு வழக்கறிஞர்களும் ஒருவருக்கொருவர் சான்று கேட்டுப் பெற்றாக வேண்டும். அப்படிக் கேட்பதற்கு, அனுப்பத் தகுந்த ஒரு கோப்பு முதலில் இங்கே இருக்க வேண்டும்.