மேலமாசி வீதியில் ஒரு விலைப் பிரச்சினை

இந்த எபிசோடு ஒரு தோல்வியில் இருந்து தொடங்குது. தோத்தது நான்தான்.

போன வருஷம் நான் வேலை பார்க்கிற ஆபீஸ்ல ஒரு 'நியாய வணிகச் சந்தை' நடத்தினோம். ஃபேர் டிரேட்னு சொல்றாங்களே, அதுதான். விவசாயிக்கும் நெசவாளிக்கும் சரியான கூலி போய்ச் சேர்ற மாதிரி வாங்கின சாமான்கள். தேன், மிளகு, கைத்தறித் துண்டு, பனை வெல்லம். நாங்க நாலு பேரு சேர்ந்து போஸ்டர் ஒட்டி, ஸ்லைடு போட்டு, மைக்கைப் பிடிச்சுப் பேசி எல்லாம் செஞ்சோம். ஆபீஸ் ஆளுங்க வந்து போட்டோ எடுத்தாங்க. சாயந்திரம் கடையைக் கட்டும்போது செக்யூரிட்டி அண்ணன் வந்து ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தார். விலையைக் கேட்டார். சிரிச்சுக்கிட்டே, "தம்பி, நல்லாத்தான் இருக்கு. என் சம்பளத்துக்கு வெளிய நூறு ரூபாய்த் துண்டுதான் சரிப்படும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

என்கிட்ட பதில் இல்லை. நியாயமான கூலிக்குத் துண்டு விற்கிற இடத்துல, குறைஞ்ச கூலி வாங்கற ஒருத்தரால அந்தத் துண்டை வாங்க முடியலை. ரொம்ப நாள் மண்டைக்குள்ள இதுவே ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம்தான் ஒரு விஷயம் உறைச்சது. இதே கேள்வியை நம்ம ஊருக்கு வர்ற ரயில்ல வச்சு ஒருத்தர்கிட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டிருக்காங்க.

1921 செப்டம்பர். காந்தி மதராஸ் பக்கம் இருந்து மதுரைக்கு வந்துக்கிட்டு இருக்கார். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்துல இருக்கிற நேரம். ஜூலை 31ஆம் தேதிதான் பம்பாய்ல அந்நியத் துணியைக் குவிச்சுத் தீ வைச்சிருந்தாங்க. கூடவே பயணம் பண்ணின மௌலானா முகமது அலியை வால்டேர் ஸ்டேஷன்ல வச்சு போலீஸ் கைது பண்ணியிருந்தது. ரயில் பெட்டியில இருந்த கூட்டம் இது எதையும் கண்டுக்கலை. பெரும்பாலானவங்க உடம்புல அந்நியத் துணி. காந்தி அவங்ககிட்ட கதரைப் பத்திப் பேசறார். தலையை ஆட்டிட்டு அவங்க சொன்ன பதில், தாங்க ஏழைங்க, கதர் விலை ஜாஸ்தி, வாங்கக் கட்டாது என்பதுதான். இதை காந்தியே பின்னாடி எழுதியிருக்கார்.

அவர் அப்போ தொப்பி, சட்டை, முழு வேட்டின்னு முழுசா உடுத்தியிருந்தார். அவங்க சொன்ன பதில்ல இருந்த உண்மை தன்னைத் தைச்சதா எழுதறார்.

மதுரையில அவர் தங்கினது மேலமாசி வீதி, 251-ஏ எண் வீட்டு மாடியில. செப்டம்பர் 22 காலையில அங்கிருந்து இறங்கி வந்தது அரை வேட்டி கட்டின காந்தி. அந்தக் கோலத்தோட அவர் முதல்ல கூட்டத்துக்கு முன்னாடி நின்னு பேசின இடம்தான் இன்னைக்குக் காமராஜர் சாலையில இருக்கிற காந்தி பொட்டல்.

ஸ்கூல்ல இதை நமக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்க? ஏழை விவசாயிகளைப் பார்த்தார், மனசு உருகிச்சு, சட்டையைக் கழட்டினார். மதுரைக்காரனா அதைக் கேட்டுப் பெருமைப்பட்டுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருவோம். ஆனா அந்த நேரத்துல அவர் வெளியிட்ட அறிக்கையைப் படிச்சா, அதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. அந்நியத் துணியை விட்டுட்டு அதே அளவுக்குக் கதர் வாங்க முடியாதவங்க வெறும் அரை வேட்டியோட இருந்தா போதும், இந்த வெயில் ஊர்ல அதுல ஒரு கேவலமும் இல்லைன்னு சொல்றார். அதைச் சொல்ற ஆளு தானே அப்படி இருந்து காட்டணும்னு நினைக்கிறார். முதல்ல அக்டோபர் 31 வரைக்கும்தான்னு தேதி கூடப் போட்டிருந்தார். அந்தத் தேதி போச்சு, கோலம் கடைசி வரைக்கும் இருந்துச்சு.

அதாவது, விலை ஜாஸ்தின்னு சொன்னவங்ககிட்ட விலையைக் குறைக்கிறேன்னு அவர் சொல்லலை. துணியோட நீளத்தைக் குறைச்சுக்கலாம்னு சொன்னார். எனக்கு இது முதல்ல கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஏழைகிட்டப் போய் இன்னும் கம்மியா உடுத்துன்னு சொல்றதா? ஆனா விலையைக் குறைச்சிருந்தா யார் வயித்துல கை வச்சிருக்கணும்கிறதையும் பார்க்கணும். கதர் விலையில பெரும்பங்கு பஞ்சு இல்லை, மெஷின் இல்லை, லாபம் கூட இல்லை. நூற்கிறவங்க கூலி, நெய்யறவங்க கூலி. நூற்றது பெரும்பாலும் கிராமத்துப் பொம்பளைங்க.

இப்போ விளம்பரம் பக்கம் வருவோம். கதர் இயக்கத்துல இருந்தவங்க போட்ட வேலைக்கு முன்னாடி என் போஸ்டரும் ஸ்லைடும் ஒண்ணுமே இல்லை. ஈரோட்டுல பெரிய வியாபாரியான பெரியார் கதர் மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போய் வித்தார். வீட்டுல அம்மா, தங்கச்சி வரைக்கும் கதர்தான். (பின்னாளில் அவர் கதரையே விட்டு விலகினார், அது தனி எபிசோடு.) 1925ல ராஜாஜி திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல ஆசிரமம் ஆரம்பிச்சு, சுத்துவட்டாரப் பொம்பளைங்களுக்கு ராட்டை வேலை கொடுத்தார். 1924 கடைசியில நடந்த பெல்காம் காங்கிரஸ்ல கட்சிச் சந்தாவையே மாத்தினாங்க. நாலணா வேண்டாம், மாசம் 2,000 கஜம் நூல் கொடுன்னாங்க. நூலை நூற்றுப் பார்த்தவனுக்குத்தான் அதோட விலை புரியும்கிறது அதுல இருந்த யோசனை. உறுப்பினர் எண்ணிக்கை படுத்துருச்சு, கொஞ்ச நாள்ல அந்த விதியைத் தளர்த்திட்டாங்க. கட்டணத்தை ஏத்தினா ஆள் குறையும்னு எந்த ஸ்டார்ட்அப்காரனும் சொல்லுவான்.

1927ல காந்தி தமிழ்நாட்டுல மாசக்கணக்கா சுத்தினது கதருக்காகவே. மதுரைக்கும் வந்தார். போற ஊர்ல எல்லாம் கூட்டம், கதர்க் கண்காட்சி, நிதி வசூல். அவருக்கு வாசிச்சுக் கொடுத்த வரவேற்புப் பத்திரத்தையே அதே மேடையில ஏலம் விட்டுக் காசாக்கிடுவார். பொம்பளைங்க வளையலைக் கழட்டிக் கொடுப்பாங்க. விழிப்புணர்வுக் கூட்டம், கடை, நிதி எல்லாம் ஒரே பந்தல்ல நடந்திருக்கு.

ஆனா மதுரை இதுக்கு லேசான ஊர் இல்லை. இது ஏற்கெனவே துணி ஊர். சௌராஷ்டிர நெசவாளர்கள் நூற்றாண்டுகளாத் தறி போட்ட இடம். இன்னொரு பக்கம் வெள்ளைக்கார ஹார்வி கம்பெனியோட மதுரா மில், வைகைக்குத் தெற்கே ரயில்வே ஸ்டேஷனை ஒட்டி, 1890கள்ல இருந்து நூல் நூற்றுக்கிட்டு இருந்துச்சு. மில் நூல் சீரா வரும், தறியில அறுகாது. கை நூல் ஒரு இடத்துல தடிச்சு, ஒரு இடத்துல மெலிஞ்சு, நாள் பூரா இழை அறுந்துக்கிட்டே இருக்கும். நெசவாளிக்கு ஒவ்வொரு அறுந்த இழையும் கூலி இழப்பு. நூற்கிற ஏழைக்காக நெய்யற ஏழை நஷ்டப்படணுமாங்கிற சண்டை கதர் இயக்கத்துக்குள்ள கடைசி வரைக்கும் தீரலை.

இந்தக் கதையில எனக்கு முக்கியமாப் படற வருஷம் 1921 இல்லை, 1935. பாடப்புத்தகத்துல அது வராது.

1925ல பாட்னாவுல அகில இந்திய நூற்போர் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கதர் உற்பத்தி, விற்பனை எல்லாம் அது கையில. தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூர்தான் மையம். பத்து வருஷம் சங்கத்தோட குறி ஒண்ணே ஒண்ணுதான். விலையைக் குறை, விற்பனையைக் கூட்டு. அதுல ஜெயிக்கவும் செஞ்சாங்க. ஆனா நூற்கிற பொம்பளைக்கு நாள் பூரா ராட்டை சுத்தினாலும் கிடைச்சது ஓர் அணா அளவுக்குத்தான். ஒரு ரூபாயில பதினாறுல ஒரு பங்கு.

1935ல காந்தி தன் இயக்கத்தையே பார்த்துக் கேட்கிறார். பட்டினிக் கூலியில நூற்ற நூலை உடுத்திக்கிட்டு, நாம சுரண்டலை எதிர்க்கிறோம்னு எப்படிச் சொல்றது? எட்டு மணி நேரத்துக்கு எட்டணா கொடுக்கணும்கிறது அவர் ஆசை. சங்கத்து ஆளுங்க பதறிட்டாங்க. விலை ஏறும், வித்த கதரும் விக்காமப் போகும்னாங்க. அதே ரயில் பெட்டிப் பிரச்சினை. அந்த வருஷம் அக்டோபர்ல சங்கம் தீர்மானம் போட்டுச்சு. நூற்கிறவங்களுக்குச் சாப்பாடு, துணிக்குத் தேவையான அளவை வச்சுக் கணக்குப் பண்ணித்தான் கூலி. நடைமுறையில மூணு அணாவில ஆரம்பிச்சாங்க. விலை ஏறட்டும்னு தெரிஞ்சே ஏத்தினாங்க.

விலையைச் சந்தையில இருந்து கீழே இறக்காம, கூலியில இருந்து மேலே கட்டினாங்க. நெதர்லாந்துல 'மேக்ஸ் ஹாவெலார்' காபி முத்திரை வந்தது 1988. அதைத்தான் ஃபேர் டிரேட் முத்திரையோட ஆரம்பம்னு நாம ஸ்லைடு போடறோம். நான் போட்ட ஸ்லைடும் அதுதான். இங்கே அதுக்கு 53 வருஷம் முன்னாடியே குறைஞ்சபட்சக் கூலி, அந்தக் கூலியைக் கொடுக்கிற வியாபாரிக்கு மட்டும் சங்கத்தோட சான்றிதழ், எல்லாம் இருந்திருக்கு.

இன்னொரு விஷயம். நூற்கிற பொம்பளைங்களே மில் துணி உடுத்தினது சங்கத்துக்கு உறுத்தலா இருந்துச்சு. கூலியில ஒரு பகுதியைக் கதராவே கொடுக்கற ஏற்பாடு வந்தது. நோக்கம் நல்லதுதான். காசைக் கையில வாங்கி அரிசி வாங்கணும்னு நினைச்சவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்னும் யோசிக்கிறேன்.

ஏன்னா எங்க அப்பத்தா நூற்றவங்க. பேரையூர்ப் பக்கம் கிராமம். நான் சின்னப் பையனா இருக்கும்போது திண்ணையில அம்பர் ராட்டை இருக்கும். பஞ்சுத் திரியை வாங்கிட்டு வந்து, சிட்டம் சிட்டமா நூற்று, சனிக்கிழமை கொண்டுபோய்ப் போடுவாங்க. சிட்டக் கணக்குக்குத்தான் கூலி. அப்பத்தா கதர்ச் சேலை கட்டி நான் பார்த்ததே இல்லை. எப்பவும் நைலெக்ஸ்தான். ஒரு தடவை கேட்டேன். "நூத்தது நானு, உடுத்துறது அவுக. எனக்கு எதுக்குடா அம்புட்டு வெலையில?"

அந்தத் திண்ணையில இருந்து ரொம்ப தூரம் இல்லை டி.கல்லுப்பட்டி. அங்கே இருக்கிற காந்தி நிகேதன் ஆசிரமத்துலதான் ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்துல இருந்தார். 1892ல தஞ்சாவூர்ல பிறந்தவர், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், அமெரிக்காவுல கொலம்பியாவுல படிச்சவர். கணக்கு பார்க்கிற மூளையை அப்படியே கிராமத் தொழில் பக்கம் திருப்பினவர். அவர் 1930கள்ல எழுதினதுல ஒரு வாதம் இருக்கு. ஒரு பொருளை வாங்கறவன் அதோட விலையை மட்டும் வாங்கலை, அது உருவான விதத்தையும் சேர்த்துத்தான் வாங்கறான். அதுக்கு அவர் எடுத்துக்கிட்ட உதாரணம் ஒரு கப் கோக்கோ. மேற்கு ஆப்பிரிக்காவுல கட்டாய உழைப்புல விளைஞ்ச கோக்கோவைக் குடிக்கிறவனுக்கும் அந்தப் பாவத்துல பங்கு உண்டுங்கிறார். இன்னைக்கும் ஃபேர் டிரேட் பிரச்சாரத்துல முதல்ல வர்ற படம் ஆப்பிரிக்கக் கோக்கோத் தோட்டம்தான். குமரப்பா 1960 ஜனவரி 30 அன்னைக்கு இறந்தார். காந்தி இறந்த அதே தேதி.

குமரப்பா வாதத்துல எனக்கு ஒத்துவராத இடமும் ஒண்ணு இருக்கு. வாங்கறவன் பொறுப்புன்னு சொல்லும்போது, வாங்கறவன் கையில காசு இருக்குன்னு எடுத்துக்கிறோம். செக்யூரிட்டி அண்ணனுக்கு அந்த வாதத்துல இடம் எங்கே? 1935 தீர்மானத்துக்கு இதுக்கு ஒரு பதில் உண்டுன்னு நினைக்கிறேன். முதல்ல கூலி, அப்புறம் கடை. நாங்க ஆபீஸ்ல அதைத் தலைகீழாச் செஞ்சோம். தேன் எடுக்கிறவங்க கூலியைப் பத்தி மைக்ல பேசினோம். எங்க வாசல்ல நிக்கிறவர் எந்த ஏஜென்சி மூலமா வர்றார், மாசம் கையில எவ்வளவு வாங்கறார்னு அந்த நாலு பேர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. இப்போ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தத் தொகையை இங்கே சொல்ல எனக்கு அவர்கிட்ட அனுமதி இல்லை. இந்த வருஷம் சந்தை போடறதுக்கு முன்னாடி எச்.ஆர். மீட்டிங்ல அதைப் பேசணும்னு நாங்க நாலு பேரும் எழுதிக் கொடுத்திருக்கோம். தேதி இன்னும் வரலை.

மேலமாசி வீதி வீட்டுக்குப் போன மாசம் போயிருந்தேன். கீழே கதர்க்கடை, மாடியில நினைவிடம். படியேறிப் போனா வெளியே இருக்கிற ஹாரன் சத்தம் கொஞ்சம் அடங்குது. இறங்கி வரும்போது ஒரு துண்டு வாங்கினேன். அப்பத்தா இப்போ இல்லை. ராட்டை மட்டும் ஊர்ல பரண் மேல இருக்கு, ரெண்டு கதிரைக் காணோம்.

அடுத்த எபிசோடுல ஹார்வி மில் சங்கு. அந்தச் சத்தத்தை வச்சு நேரம் பார்த்த தாத்தா, பாட்டி யாராவது உங்க வீட்டுல இருந்தா, அவங்க பேசறதைப் பதிவு பண்ணி அனுப்புங்க.