பெயர் தெரியாத முருகையும் தொலைந்து வந்த பெயரும்

கட்டாரால வந்த எங்கட மாமிட மகன் ஹோலில ஒரு கடல்நீர்த் தொட்டி வச்சிருக்கான். வாங்கின கல்லொன்றில, யாரும் வைக்காமலே, விரல் விரலாக மண்ணிறத்தில ஏதோ முளைச்சிருக்கு. "மச்சான், கெம்பஸ்லதானே படிக்கிறாய், இது என்னத்தெண்டு பாத்துச் சொல்லு" என்றான். நான் கலைப் பீடம். ஆனாலும் தேடினேன். தேடல் 1902ல போய் நின்றது.

முதல் படி லேசு. ஒவ்வொரு பூவிலும் எட்டுக் கைகள், கைகளின் இரு ஓரத்திலும் இறகு போல் சிறு கிளைகள். அப்படியென்றால் மென்முருகை. அதற்குப் பிறகுதான் சிக்கல். வெளிச்சம், நீரோட்டம் மாறினால் ஒரே இனமே வேறு உருவத்தில் வளரும். படம் பார்த்துப் பெயர் சொல்வது பெரும்பாலும் ஊகம். சரியான வழி, சிறு துண்டொன்றை பிளீச்சில் போடுவது. சதை கரைந்துவிடும், ஸ்கிளரைட் எனும் கல்சியம் காபனேற்றுத் துணுக்குகள் மிஞ்சும். அவற்றின் வடிவத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் இனத்தைச் சொல்லலாம்.

நம் கடலின் மென்முருகைகளுக்கு இப்படிப் பெயர் தேடிய கதை முத்தில் தொடங்குகிறது. மன்னார் வளைகுடாவில் பல வருடமாக முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அரசாங்கத்துக்கு வருமானம் போனது. காரணம் கண்டுபிடிக்க 1902ல் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் வந்தார், கூட ஜேம்ஸ் ஹோர்னல். தேடியது சிப்பியை. ஆனால் கடலடியில் கிடைத்த மற்ற உயிர்களும் இங்கிலாந்துக்குப் போயின. 1903 முதல் 1906 வரை ரோயல் சொசைட்டி ஐந்து பாகங்களாக அறிக்கை வெளியிட்டது. அதில், 1905ல், மென்முருகைகளின் ஒரு பகுதியை ஆராய்ந்து எழுதியவர் எடித் பிராட் என்ற பெண்.

அதற்கு முன்பே, 1903ல், மாலைதீவு மாதிரிகளைப் பார்த்து அவர் 'ஸ்கிளெரோபைட்டம்' என்றொரு பேரினத்தை உருவாக்கியிருந்தார். பின்னால் வந்தவர்கள், இது 1898லேயே பெயரிடப்பட்ட 'சினுலாரியா'தான் என்று முடிவு செய்தார்கள். பழைய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. பிராட்டின் பெயர் ஒதுக்கப்பட்டது. தொட்டி வளர்ப்பவர்களும் சினுலாரியா என்றே பழகினார்கள்.

2022ல் மக்ஃபேடன் குழுவினர் டீஎன்ஏவை வைத்து மென்முருகைகளின் வகைப்பாட்டையே திருத்தினார்கள். சினுலாரியாவில் இருந்த பெரும்பாலான இனங்கள் ஸ்கிளெரோபைட்டத்துக்குத் திரும்பின. நூறு வருடத்துக்குப் பிறகு பிராட் சொன்ன பெயர் நின்றது.

வரலாறு படிக்கிற எனக்கு இதில் ரெண்டு விசயம் உறைத்தது. ஒன்று, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வருடம் அலங்காரமில்லை. யார், எப்போது, எதை வைத்துச் சொன்னார் என்பதற்கு அதுதான் சாட்சி. அது இருந்ததால்தான் ஒதுக்கிய பெயரை மீட்க முடிந்தது. மற்றது, அந்தச் சாட்சியில் யார் இல்லை என்பது. மன்னார்க் கடலடியை மூச்சடக்கி மூழ்கிப் பார்த்தவர்கள் முத்துக்குளிப்பவர்கள். கீழக்கரைச் சோனகரும், தமிழரும், அரபிகளும் அவர்களில் இருந்தார்கள். ஒரு முருகைப் பெயரின் பக்கத்தில்கூட அவர்கள் பெயர் இல்லை.

மச்சானிடம் சொன்னேன்: "ஸ்கிளெரோபைட்டமா இருக்கலாம். உறுதியாச் சொல்ல ஒரு துண்டு வெட்டணும்."

"வெட்ட வேணாம்டா, வளரட்டும்" என்றான்.

ஒரு துண்டுக் கடதாசியில் பெயரை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, அன்றைய திகதியையும் எழுதித் தொட்டியில் ஒட்டினேன். எழுதினவர் யார் என்று எங்கள் ரெண்டு பேரின் பெயரையும் போட்டேன்.