பெரிய டயரும் எட்டுப் பல் பினியனும்

பழைய ஜீப் என்றால் எல்லோரும் இஞ்சினைத்தான் புகழ்வார்கள். எனக்கு நினைவுக்கு வருவது ஆக்சிலுக்குள் மறைந்திருக்கும் கிரவுன் பினியன்.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. அவற்றில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 39 பல். அதாவது ஷாஃப்ட் 4.88 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 1945-ல் விவசாயிகளுக்காக சிஜே-2ஏ வந்தபோது, உழவுக்கும் உதவ வேண்டுமே என்று கிரவுனை 43 பல்லாக்கினார்கள். விகிதம் 5.38 ஆனது. வேகம் குறைந்தது, இழுவை கூடியது.

எழுபதுகளில் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்ட ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். அங்கே போர்க்கால ஜீப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கல்லிலும் சேற்றிலும் அடி தட்டுகிறதே என்று, ரிம்மையும் மாற்றி, 28½ அங்குல டயருக்குப் பதில் 31½ அங்குல டயர் மாட்டினேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது.

டயர் பெரிதானால் ஒரு சுற்றில் ஓடும் தூரம் கூடும். இங்கே பத்து சதவீதத்துக்கும் மேல். இஞ்சினுக்கு மூச்சு வாங்கும். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். பிரேக் பிடிப்பும் குறையும். ஒரு மழை நாளில், நான்கு தொழிலாளர்களோடு கொண்டை ஊசி வளைவில் ஏறிய வண்டி நின்று, பத்தடி பின்னால் உருண்டது. டிரைவர் அண்ணன் மேட்டுப் பக்கம் ஒடித்ததால் எல்லோரும் பிழைத்தார்கள்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். 4.88-ஐ 31½-ஆல் பெருக்கி 28½-ஆல் வகுத்தால் 5.39. அட, விவசாய ஜீப்பின் விகிதமேதான்!

செலவைக் குறைக்கப் பின் ஆக்சிலை மட்டும் மாற்றலாம் என்றேன். வயதான மெக்கானிக் ஒருவர் தடுத்தார். "தம்பி, முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்குன்னா நாலு சக்கரத்தையும் போட்டதும் ஒண்ணையொண்ணு இழுத்துப் பல்லு போயிடும்." இரண்டையும் மாற்றினோம். அதே வளைவில் வண்டி சிரமமில்லாமல் ஏறியது. பிரேக் குறை மட்டும் அதனால் தீரவில்லை; இறக்கத்தில் நிதானமாகவே போனோம்.

டயர் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. கிரவுன் பினியன் மாற்ற எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளை முதலிலேயே செலவிடாதது என் தவறு. வண்டியிலிருந்து இறங்கிய அந்த நான்கு பேரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.