இரணைமடு நீரும் இரு ஊர்களின் தேவையும்

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902ஆம் ஆண்டு தொடங்கி 1920இல் நிறைவெய்திற்று. காடாய்க் கிடந்த கிளிநொச்சி அக்குளத்து நீராலேயே வயலாயிற்று.

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவி கிடைத்தது. அந்நீரின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராய்க் கொண்டுசெல்ல அரசாங்கம் எண்ணிற்று. கிணற்றையே நம்பிய குடாநாட்டின் தாகம் மெய். சிறுபோகத்துக்கே நீர் போதாதென்ற கமக்காரரின் அச்சமும் மெய். கமக்காரர் இசையவில்லை. எனவே திட்டம் கடலை நோக்கித் திரும்பிற்று. வடமராட்சி கிழக்கிலே, தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது.

நேயர்களே, பொதுப்பணம் குழாய்களைப் பதிக்கும். ஆனால், குளத்தை நம்பி வாழ்வோரின் இசைவை முதலிலேயே கேட்டறிதல் வேண்டும். இரணைமடுவின் வரலாறு உணர்த்துவது இதுவே.