கோட்டை மதிலும் கணிப்பொறிக் காவலும்

மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் நீங்கள் கால் வைப்பது மேற்கு வெளி வீதியில். அந்தப் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். எதற்கு வெளியே இருந்த வீதி அது? ஒரு காலத்தில் அங்கே கோட்டை மதிலும், அதைச் சுற்றி அகழியும் இருந்தன. விசுவநாத நாயக்கர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் இருந்தன என்பர். இன்று மதில் இல்லை. வீதியின் பெயர் மட்டும் அதை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது.

கணிப்பொறியைப் பற்றி எழுத வந்தவன் கோட்டையைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வீட்டுக்குப் புதிதாகக் கணிப்பொறி வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆண்டிவைரஸ் போடலாம்? ஃபயர்வால் தனியாக வேண்டுமா?" என்பதுதான். இதற்கு விடை சொல்ல, இந்த இரு காவல்களும் பிறந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த வரலாறோ, மதுரைக் கோட்டையின் கதையைப் போலவே இருக்கிறது.

நச்சுநிரல் வந்த வழி

தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு பிற நிரல்களில் தொற்றிக்கொள்ளும் நிரலுக்கு 'வைரஸ்' என்ற பெயர் 1983-இல் அமெரிக்காவில் வழங்கத் தொடங்கியது. பிரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர் அத்தகைய நிரல் ஒன்றை எழுதிக் காட்டினார்; அதற்கு அப்பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லெனார்டு ஆடில்மன்.

ஆனால் ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில் பரவிய முதல் நச்சுநிரல் தோன்றியது நம் பக்கத்து நாட்டில். 1986-இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் ஆல்வி என்ற இரு சகோதரர்கள் 'பிரெயின்' என்பதை எழுதினார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைக் கண்டறியவே அதை எழுதியதாக அவர்கள் கூறினர். நிரலுக்குள் தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும்கூட எழுதி வைத்திருந்தார்கள்! நெகிழ்தட்டு வழியாக அது கடல் கடந்து அமெரிக்கா வரை சென்றது. 1990-இல் இந்தியாவிலேயே 'ஜோஷி' என்ற நச்சுநிரல் கண்டறியப்பட்டது. ஜனவரி 5-ஆம் நாள் கணிப்பொறியை இயக்கினால் அது நின்றுவிடும். ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்துத் தட்டச்சு செய்தால்தான் மேலே நகரும்!

விளையாட்டாகத் தொடங்கியது வினையாயிற்று. அதைத் தடுக்க ஒரு தொழிலும் வளர்ந்தது. 1991-இல் சென்னையில் கேசவர்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் நிறுவனம் தமிழ்நாட்டில் எழுதிய நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளை ஜப்பான் வரை விற்றது. புனே நகரில் கணிப்பொறி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சயும் 1990-களின் நடுவில் 'குவிக் ஹீல்' மென்பொருளைக் கொண்டுவந்தார்கள்.

மதிலும் வாசலும்

நெகிழ்தட்டு கையால் கொண்டுவந்து நுழைப்பது. வலையமைப்போ கம்பி வழியாகத் தானே வந்து நுழைவது. 1988 நவம்பர் 2-ஆம் நாள் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் அவிழ்த்துவிட்ட 'புழு' நிரல், அன்றைய இணையத்தில் இருந்த கணிப்பொறிகளில் ஏறத்தாழ 6,000-ஐ முடக்கியது என்று மதிப்பிட்டார்கள். வலையமைப்புக்கு மதில் வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகே வலுப்பெற்றது. ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுக்கக் கட்டும் சுவருக்கு ஆங்கிலத்தில் ஃபயர்வால் என்று பெயர். அந்தப் பெயரையே இதற்கும் சூட்டினார்கள். தமிழில் தீயரண் என்கிறோம்.

தீயரண் எப்படி வேலை செய்கிறது? இணையத்தில் செய்திகள் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும், எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த வாசலில் நுழையவேண்டும் என்பவை எழுதப்பட்டிருக்கும். ஒரு கணிப்பொறிக்கு இத்தகைய எண்ணிட்ட வாசல்கள் 65,000-க்கும் மேல் உண்டு. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443. கோப்புகளைப் பகிர 445. எந்த வாசலைத் திறப்பது, எதை மூடுவது என்ற சட்டதிட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் காவலன்தான் தீயரண். தொடக்கத்தில் அது மேலே எழுதியிருக்கும் முகவரியை மட்டும் பார்த்தது. 1994-இல் இஸ்ரேல் நாட்டின் செக் பாயிண்ட் நிறுவனம், "இந்தப் பொட்டலம் உள்ளே இருப்பவர் கேட்டு அனுப்பிய கேள்விக்குப் பதிலா, அல்லது அழையாத விருந்தாளியா?" என்று நினைவில் வைத்துப் பார்க்கும் முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய தீயரண்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே.

1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வந்தது. சில ஆண்டுகளில் மதுரையின் தெருக்களிலும் 'பிரவுசிங் சென்டர்'கள் முளைத்தன. ஆனால் மதில் இருந்தும் வாசல் திறந்தே கிடந்த காலம் அது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் தீயரண் இருந்தது; இருந்தும் அது பெரும்பாலும் இயக்கப்படாமலே இருந்தது. 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு 135-ஆம் வாசல் வழியாக உலகெங்கும் நுழைந்தது. அதன் பிறகே, 2004 ஆகஸ்டில் வெளிவந்த திருத்தத்தில், தீயரண் தானாகவே இயங்கும்படி மாற்றினார்கள். இன்று நீங்கள் வாங்கும் விண்டோஸ் கணிப்பொறியில் தீயரணும், 'டிபெண்டர்' என்ற நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளும் உடன்பிறந்தவைபோல் முன்கூட்டியே அமைந்திருக்கின்றன.

காவலாளியின் எல்லை

தீயரண் மதில் என்றால், நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் ஊருக்குள் சுற்றும் காவலாளி. அவனிடம் பழைய குற்றவாளிகளின் அங்க அடையாளப் பட்டியல் இருக்கிறது. வரும் கோப்புகளை அப்பட்டியலோடு ஒப்பிடுகிறான். பட்டியலில் இல்லாத புதியவனாக இருந்தால், அவன் நடத்தையைக் கவனிக்கிறான். நள்ளிரவில் எல்லா வீட்டுப் பூட்டையும் ஒருவன் தொட்டுப் பார்த்தால் ஐயப்படவேண்டும் அல்லவா?

எந்தக் காவலாளியும் எல்லாத் திருடர்களையும் கண்டுபிடித்துவிட முடியுமா? முடியாது என்று கோஹன் கணித முறையில் காட்டினார். அவருடைய வாதம் எளியது. எந்த நச்சுநிரலையும் பிழையின்றிக் கண்டறியும் ஒரு கருவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நிரல் அந்தக் கருவியையே அழைத்து, "நான் நச்சுநிரலா?" என்று கேட்கிறது. "ஆம்" என்று விடை வந்தால் அது ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிறது. "இல்லை" என்று வந்தால் பரவத் தொடங்குகிறது. கருவி எந்த விடை சொன்னாலும் தவறாகிறது! ஆகவே 'நூற்றுக்கு நூறு பாதுகாப்பு' என்று எந்த விளம்பரமாவது சொன்னால், அது கணிதத்துக்கே புறம்பானது என்று நீங்கள் தயங்காமல் முடிவு செய்யலாம்.

காவலாளியே தடுக்கி விழுவதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தம் ஒன்றால் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் நின்றுபோயின. இந்திய விமான நிலையங்களில் சில பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகளைக் கொடுத்தார்கள். காவல் மென்பொருள் கணிப்பொறியின் அடிமட்டம் வரை அதிகாரம் பெற்றது. அதனால்தான் அதன் சறுக்கல் இவ்வளவு பெரிதாகிறது. ஒரே கணிப்பொறியில் இரண்டு ஆண்டிவைரஸ்களைப் போடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ஒருவன் மற்றவனையே திருடன் என்று எண்ணிப் பிடித்துக்கொள்வான்.

உள்ளிருந்து திறந்த வாசல்

இப்போது மீண்டும் மதுரைக்கு வருவோம். 1763-இல் யூசுப்கான் என்னும் மருதநாயகம், ஆற்காட்டு நவாபையும் ஆங்கிலேயக் கம்பெனியையும் எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்றார். பீரங்கிகள் மதிலைத் தாக்கின. 1764-இல் நடந்த பெருந்தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. மதில் கடைசிவரை தாங்கிற்று. ஆனால் அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்த மருதநாயகத்தை அவருடன் இருந்தவர்களே பிடித்துக் கட்டிக் காட்டிக்கொடுத்தார்கள். இரண்டு நாளில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இன்றைய கணிப்பொறித் திருட்டுகளிலும் பல, மதிலை உடைத்து நடப்பவை அல்ல. "உங்கள் கணிப்பொறியில் வைரஸ் இருக்கிறது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் ஒரு பொய் எச்சரிக்கை வருகிறது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறார். நாமே வாசலைத் திறந்துவிடுகிறோம். ஓய்வூதியப் பணமெல்லாம் ஒரே பிற்பகலில் போய்விடுவது இப்படித்தான். எந்தத் தீயரணும் அதைத் தடுக்காது. ஏனென்றால் வந்தவனை நாமே அழைத்திருக்கிறோம்.

அப்படியானால் மதில் வீணா? அல்ல. மதில் இல்லாதிருந்தால் மருதநாயகம் அத்தனை மாதங்கள் நின்றிருக்க முடியாது. வரவேண்டியவன் ஒரே வழியில்தான் வரமுடியும் என்று ஆக்கியதே மதிலின் பயன். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக் கணிப்பொறி ஒன்றில் நச்சுநிரல் புகுந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததாகவும், அது பாதிக்கப்படவில்லை என்றும் கூறியது. உட்சுவரின் அருமை அங்கே தெரிந்தது.

மதில் இடிந்த பிறகு

1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், ஊர் வளர இடமில்லாததால் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்பணியில் ஈடுபட்டவர்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. ஊருக்குப் பொது மதில் போனது. வீட்டுக்கு வீடு பூட்டு வந்தது.

கணிப்பொறி உலகிலும் அதுவே நடந்திருக்கிறது. மடிக்கணினி காலையில் கல்லூரியிலும் மாலையில் தேநீர்க் கடை வைஃபையிலும் இருக்கிறது. எந்த மதிலுக்குள் அது இருக்கிறது என்று சொல்ல முடியாது. எனவே ஒவ்வொரு கணிப்பொறியும் தன் மதிலைத் தானே சுமக்கவேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். வீட்டுக் கணிப்பொறிக்கு, அதனுடன் வந்த தீயரணையும் ஆண்டிவைரஸையும் அணைக்காமல் வைத்திருந்தாலே பெரும்பாலோருக்குப் போதும். பணம் கொடுத்து வாங்குவதானால், விளம்பரத்தை நம்பாமல், ஜெர்மனியின் ஏ.வி.-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏ.வி.-கம்பாரட்டிவ்ஸ் போன்ற சோதனைக் கூடங்களின் முடிவுகளைப் பாருங்கள். எத்தனை நச்சுநிரல்களைப் பிடித்தது என்பதோடு, நல்ல நிரலைத் தவறாக எத்தனை முறை பிடித்தது, கணிப்பொறியை எவ்வளவு மெதுவாக்கியது என்பதையும் கவனியுங்கள். திருட்டுப் படியாகக் கிடைக்கும் ஆண்டிவைரஸை ஒருபோதும் போடாதீர்கள். திருடனையே காவலுக்கு வைப்பது அது.

எல்லாவற்றுக்கும் மேலாகத் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 அன்று 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட 'வான்னகிரை' நுழைந்த ஓட்டைக்கு, மார்ச் மாதத்திலேயே திருத்தம் வந்துவிட்டிருந்தது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதையும் நினைவில் கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு ஒரு படியெடுத்து, கணிப்பொறியோடு இணைக்காமல் தனியே வையுங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

அடுத்த முறை வெளி வீதியில் நடக்கும்போது சற்று நின்று பாருங்கள். பீரங்கிக்கு அசையாத மதில் அங்கே இருந்தது. அதன் வாசலைக் காத்தவர்கள் மனிதர்கள். உங்கள் வீட்டுக் கணிப்பொறியின் வாசலிலும் இன்று நிற்பது நீங்கள்தான்.